ஆவாஸ் மேடம்

அவரோடு வேலை பார்த்த வருடங்களில் பாதி நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லப்போகிறேன். அதை யாரும் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஹைதராபாத் தார்நாக்காவில் அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம். கீழே டிபன் சென்டர், மாடியில் நாங்கள். சுரங்கங்களுக்கு வடிவமைப்பும் ஆலோசனையும் கொடுக்கும் சின்ன நிறுவனம். கண்ணாடி அறை ஒன்றில் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். போனிலிருந்து கட்டையான ஒரு ஆண் குரல், "டிக்... டிக்... ட்டிக்" என்றது.

"நக்கோ பையா, அவசரம் நக்கோ," என்றார் இவர், ஹைதராபாத் இந்தியில். நக்கோ என்றால் வேண்டாம். "கேட்ட மாதிரியே சொல்லு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?"

மறுமுனை யோசித்தது. "டிக்." கொஞ்ச நேரம் கழித்து, "டிக். அப்புறம் ஒரு ட்டப்!"

"அந்த ட்டப், கல் உடையற மாதிரியா, காஞ்ச மரம் முறியற மாதிரியா?"

"மரம் மாதிரி, மேடம்."

"எந்தப் பக்கத்துச் சுவர்?"

யாரோ யாரையோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபப் பார்வைகூட இல்லை. இந்த ஆள் எப்போது நகருவான் என்று பார்க்கிற பார்வை.

வடக்கே ஒரு மாநிலத்தில் உலோகத் தாது எடுக்கும் சுரங்கம் ஒன்றுக்காக, பூமிக்குள் நேர் செங்குத்தாக வட்டமான ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஷாஃப்ட் என்பார்கள். முடியும்போது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்தக் குழியின் பாறைக்கு எங்கள் நிறுவனத்தில் பொறுப்பு அவர். என் பொறுப்பு ஒருங்கிணைப்பு. அதாவது சுரங்கக் கம்பெனிக்கும் எங்கள் நிபுணர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது.

அது வரை பாலங்கள் கட்டிக்கொண்டிருந்தவன் நான். "பெரிய கிணறுதானுங்களே மேடம்?" என்று ஒரு நாள் கீழே டிபன் சாப்பிடும்போது கேட்டேன். அவர் தன் தட்டிலிருந்த மெதுவடையை எடுத்தார். இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்தினார். அழுத்திய இடம் சும்மா இருந்தது. மற்ற இரண்டு பக்கமும் விரிந்து பிய்ந்து, மாவுத் துணுக்கு என் காப்பியில் விழுந்தது.

"கிணத்துல கல்லு கனத்துல விழும். ஆழத்துல அப்படி இல்ல. பூமியே ரெண்டு பக்கமும் நெருக்கிட்டிருக்கு. நாம நடுவுல ஓட்டை போடறோம். ஓட்டையோட ஓரம் அந்த நெருக்கலைத் தாங்கணும். தாங்காதப்ப கல்லு விழாது, தெறிக்கும். துப்பாக்கி மாதிரி. கீழ நிக்கிறவனுக்கு ஓட வழியே கிடையாது. நாலு பக்கமும் சுவர், மேல ஒரு கயிறு."

"எப்ப தெறிக்கும்னு தெரியாதுங்களா?"

"அதைத்தானே கேட்டுட்டிருக்கேன், டெய்லி போன்ல," என்று சொல்லிவிட்டு, பிய்ந்த வடையைத் தின்றார்.

சுவரில் அதிர்வை அளக்கும் கருவிகள் பொருத்தியிருந்தார்கள். ஆனால் பாறையை உடைக்க வைக்கும் ஒவ்வொரு வெடிக்கும் கல் பறந்து கேபிளை அறுத்துவிடும். ஒப்பந்தக்காரர் அதை மாற்ற வாரக்கணக்கில் இழுப்பார். கருவி செத்துக்கிடக்கும் நாட்களில் மேடத்துக்கு மிச்சம் இருந்தது மனிதர்களின் காதுதான். தன் காதைக் கொண்டுபோக வழி இல்லை. பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. பாறை அழுத்தத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷி, வாழ்நாளில் ஒரு ஷாஃப்டின் வாய் வரைக்கும் மட்டுமே போய் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். மேலே வருகிற ஆட்களை ஹெல்மெட் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொள்வாராம். "முடிவு சொல்லாதீங்க. சத்தத்தைச் சொல்லுங்க." அவர்கள் வைத்த பெயர்தான் ஆவாஸ் மேடம். ஆவாஸ் என்றால் சத்தம்.

இந்தப் பழக்கம் சுரங்கத்தோடு நிற்கவில்லை. என் கார் ஏதோ சத்தம் போடுகிறது என்று வாய்தவறிச் சொன்னேன். தார்நாக்கா சிக்னலில், ஜன்னல் திறந்திருக்க, பக்கத்து ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, "எப்படி? செய்ங்க" என்றார். நான் "க்ரீக்" என்றேன். "பிரேக் போட்டாவா, திரும்பினாவா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "காரை வெச்சிருக்கீங்க, கேட்கறதில்ல" என்று வீடு வரை அந்த ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். அப்பா பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் இருந்தவர். பூர்வீகம் கும்பகோணம் பக்கம் என்றாலும் இவர் பிறந்து வளர்ந்தது இங்கேயேதான். கணவர் இல்லை, ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரே மகள், கல்லூரியில் படித்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் ஏதோ கையெழுத்துக்காகப் போயிருந்தேன். தொண்டை எப்படி வலிக்கிறது, குத்துகிறதா எரிகிறதா, விழுங்கும்போதா விழுங்கிய பிறகா என்று அம்மா விசாரித்துக்கொண்டே போக, அந்தப் பெண் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அம்மா, நேனு ராக் காது!" என்று கத்தினாள். நான் பாறை இல்லை என்று. எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயத்தில் அந்த முதல் பெரிய தகராறு வந்தது. ஷாஃப்ட் பாதி ஆழம் தாண்டியிருந்தது. ஒரு காலையில் சுரங்கத்திலிருந்து போன். தோண்டும் ஆட்களின் மேஸ்திரி, கோலார் தங்கவயல்காரர், தமிழர். அப்பா தாத்தா காலத்திலிருந்து ஷாஃப்ட் வேலை.

"சடசடன்னு கேக்குதும்மா. பட்டாசு மாதிரி. வடக்கு செவுத்துல."

"விட்டு விட்டா, தொடர்ந்தா?"

"தொடர்ந்தாப்பலதாம்மா. பசங்க பயப்படறானுங்க."

மேடம் யாரையும் கேட்கவில்லை. ஆட்களை மேலே ஏற்றச் சொல்லிவிட்டார். அதற்கு அவருக்கு ஒப்பந்தப்படி அதிகாரம் இருந்தது. முழுதாக இரண்டு நாள் ஷாஃப்ட் காலியாகக் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சுவர் அப்படியே நின்றது.

பேகம்பேட்டையில் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்த மாட்டார். அதுதான் இன்னும் பயம். "மேடம், அந்த ரெண்டு நாள்ல என்ன ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒண்ணும் ஆகல சார்."

"ஒண்ணும் ஆகலைன்னா ஏன் நிறுத்தினீங்க?"

"நிறுத்தாம விட்டு ஆகியிருந்தா, கீழ ஆள் இருந்திருப்பாங்க."

"ஆனா ஆகலையே."

"சார், ஆகாததுக்கு நான் எப்படிச் சாட்சி கொண்டுவர்றது?"

இரண்டு பேரும் சொல்வது சரியாகவே இருந்தது. அதனால்தான் எனக்குத் தலை வெடித்தது. நான் குறுக்கே புகுந்து, மேடத்தின் அனுபவம், வடக்குச் சுவரில் பாறை உரிந்து வந்த பழைய பதிவு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கி அவருக்காகச் சண்டை போட்டேன். வெளியே வந்ததும், "ஏனுங்க மேடம், கொஞ்சம் தணிஞ்சு பேசினா என்னங்க?" என்றேன். "தணிஞ்சு பேசினா கல்லு கேக்குமா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். நான் கார் கொண்டுவந்திருந்தது அவருக்குத் தெரியும்.

அப்புறம் சட்டம் மாறியது. தொழில்நுட்பப் பொறுப்பில் இருக்கும் பெண்கள், எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் கொடுத்தால், பகல் நேரத்தில் நிலத்தடிக்கு இறங்கலாம். அன்று அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் கீழேயிருந்து மைசூர்பாக் வாங்கி வைத்தார். அவர் எங்களுக்கு எதையாவது வாங்கி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு ஒரு வருடம் இழுத்தடித்தார்கள். மருத்துவச் சான்று கேட்டார்கள், கொடுத்தார். அவர்கள் டாக்டர்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். துணைக்கு இன்னொரு பெண் வேண்டும் என்றார்கள். உடை மாற்ற அறை இல்லை, கட்டுகிறோம் என்றார்கள். அது கட்டும்வரை மழைக்காலம் என்றார்கள். மறுப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுத்தால் சண்டை போடலாம். ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் அனுப்பினேன், ஒவ்வொரு பதிலையும் நான்தான் அவர் மேஜைக்குக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "அடுத்தது என்ன கேப்பாங்கன்னு நினைக்கறீங்க? ஜாதகமா?" என்பார்.

கடைசியில் இறங்கினோம். நானும் கூட. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்பு வாளி. அதற்குள் நின்று இடுப்பு வாரைக் கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே வெளிச்ச வட்டம் தட்டளவாகி, காசளவாகி, மறைந்தது. கான்கிரீட் பூசிய சுவர் ஓரிடத்தில் முடிந்து வெறும் பாறை தொடங்கியது. பாறைமேல் இரும்பு வலையை போல்ட் அடித்து இறுக்கியிருந்தார்கள். கிழக்கிலும் மேற்கிலும் வலை தட்டையாக இருந்தது. வடக்கிலும் தெற்கிலும், உரிந்த கல் தகடுகள் உள்ளே சேர்ந்து, வலை தொப்பை மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடியே. எனக்கு அந்த வடை ஞாபகம் வந்தது.

அடியிலிருந்து கொஞ்சம் மேலே தொங்கும் மேடையில் எங்களை இறக்கினார்கள். வெக்கை. மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஆட்கள் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளை போடும் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்பு, காற்றுக் குழாயின் இரைச்சல், எல்லாம் அந்த வட்டத்துக்குள் முட்டி மோதிப் பல்லைக் கூச வைத்தது. மேடம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் காதருகே வந்து கத்தினார்.

"உங்களுக்கு என்ன கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலைங்க!"

"என்ன?"

"ஒண்ணுமே கேக்கலைங்க மேடம்!"

அவர் கீழே காட்டினார். அங்கிருந்த அத்தனை பேர் காதிலும் மஞ்சள் அடைப்பான். இரைச்சலில் காது போய்விடாமல் இருக்க, விதிப்படி போட வேண்டியது.

மேலே வந்ததும் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டார். "கீழ ஒரு சத்தமும் கேக்காதே. எனக்கு டெய்லி போன்ல டிக் டிக்னு சொன்னீங்களே, அதெல்லாம் எப்ப கேட்டீங்க?"

மேஸ்திரி ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மிஷினு ஓடறப்ப இன்னாம்மா கேக்கும்? நீங்க போன்ல கேக்கறீங்க. கேக்கலன்னு சொன்னா வுட மாட்றீங்க. நல்லா யோசிச்சு சொல்லு, நல்லா யோசிச்சு சொல்லுன்றீங்க. அதான் பசங்க வாய்க்கு வந்தத சொல்றானுங்க."

"நீங்களுமா?"

"நானும்தாம்மா."

"அன்னிக்கு ரெண்டு நாள் நிறுத்தினேனே. பட்டாசு மாதிரின்னு சொன்னீங்களே. அது?"

அவர் தரையைப் பார்த்தார். "அப்ப ஹோலிம்மா. பசங்கல்லாம் பீகாரு, ஜார்க்கண்டு. ஒருத்தனுக்கும் லீவு குடுக்கல. அளுவறானுங்க. நான் இன்னா பண்றது?"

ரயிலில் செகந்திராபாத் வரும்வரை நான் பொருமிக்கொண்டிருந்தேன். "அந்த இயக்குநர்கிட்ட உங்களுக்காக மல்லுக்கட்டினேனுங்க. ஹோலிக்கு, மேடம்! ஹோலிக்கு!"

"கேட்டா லீவு குடுத்திருப்பாங்களா?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

"அது வேற விஷயமுங்க."

"அதுதான் விஷயம்." பிறகு வெகுநேரம் கழித்து, எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல் சொன்னார்: "அந்த ட்டப், மரம் முறியற மாதிரின்னு ஒருத்தன் சொன்னானே. எவ்வளவு அழகா சொன்னான்."

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். அவர் ஊர் வந்த வாரமே புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வெடித்து, புகை போன பிறகு, ஆட்கள் அடிக்கு இறங்கும் முன்னால் தொங்கும் மேடையிலேயே நிற்க வேண்டும். காற்று அனுப்புவதைத் தவிர எல்லா இயந்திரங்களையும் நிறுத்த வேண்டும். காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா கேட்க வேண்டும். சத்தம் இருந்தால் இறங்கக் கூடாது. இதற்கு இயக்குநரிடம் நான் எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு நிமிடமும் தோண்டும் நேரத்தில் கழிகிறது என்றார். என் தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார். ஆட்கள் அதற்கு 'சைலன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தடவை உண்மையிலேயே சத்தம் கேட்டு ஆட்கள் மேடையிலேயே காத்திருக்க, வடக்குச் சுவரிலிருந்து ஒரு குவியல் கல் காலி இடத்தில் கொட்டியது. மேடம் அன்று மேஸ்திரியோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு கம்மி. ஒரு காலை, மேடம் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது போனை நான் எடுத்தேன். வடக்குச் சுவர் அடியில் ஒரு பாளம் தெறித்துவிட்டது. மூன்று பேருக்குச் சிராய்ப்பு. மேஸ்திரியின் கால் நசுங்கிவிட்டது. படியேறி வந்தவரிடம் சொன்னேன். "சைலன்ஸ்ல நின்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். நின்றார்கள் என்று சொன்னார்கள் என்றேன். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேஸ்திரியை ஹைதராபாத் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது அவர் மனைவி சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நின்றவர் மறுபடி உட்காரவே இல்லை.

"நின்னோம்மா," என்றார் மேஸ்திரி, கேட்கும் முன்பே. "இந்த வாட்டி பொய் இல்ல. என் பொஞ்சாதி மேல சத்தியமா சொல்றேன். அல்லாத்தையும் ஆஃப் பண்ணி நின்னு கேட்டோம். ஒரு சத்தம் கெடையாது. அவ்ளோ அமைதி. அதான் தைரியமா எறங்கினோம்."

மேடம் கட்டிலை ஒட்டிப் போய் நின்றார்.

"முன்னெல்லாம் பயந்துகினே எறங்குவோம். வடக்கு செவுத்துகிட்ட ஒருத்தனும் போவ மாட்டான். வேலய முடிச்சிகினு ஓடியாந்துடுவோம். நீங்க இந்த சைலன்ஸு வெச்சப்பறம் அந்த பயம் பூட்ச்சி. சத்தம் இல்ல, கல்லு தூங்குதுன்னு, செவுத்தோரமாவே குந்திகினு வேல செஞ்சோம்."

குற்றம் சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. நடந்ததைச் சொன்னார். மேடம் இத்தனை வருடமாகக் கேட்டது அதைத்தான், முடிவு வேண்டாம், நடந்ததைச் சொல் என்று. இப்போது சொன்னதும், எந்தப் பக்கம், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த அம்மாள் கொடுத்த சாத்துக்குடிச் சாற்றை வாங்கி, மேஸ்திரியின் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளருக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றுவிட்டார். "சத்தம் வந்தா ஆபத்துன்னு சொன்னேன்."

"ஆமாங்க."

"சத்தம் வரலைன்னா ஆபத்து இல்லைன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"இல்லைங்க மேடம்."

"ஆனா அவங்க அப்படித்தானே கேட்டுக்கிட்டாங்க." கார்க் கதவில் கை வைத்தபடி, "யாரா இருந்தாலும் அப்படித்தான் கேட்டுப்பாங்க. நான் அதை யோசிச்சிருக்கணும்," என்றார்.

அடுத்த வாரமே சைலன்ஸ் வேண்டாம் என்று எழுதினார். அதற்குப் பதிலாக, வெடித்த பிறகு பாறை அடங்கும்வரை அடியில் மனிதக் கால் படக் கூடாது; கல் அள்ளுவதை மேடையிலிருந்தபடியே இயக்கும் இயந்திரம் செய்யட்டும்; ஆள் இறங்குவதற்கு முன்னால் சுவரின் அடி வரைக்கும் கான்கிரீட் தெளித்து வலை இறக்க வேண்டும் என்றார். மாதக்கணக்கில் வேலை தள்ளிப்போகும்.

மறுபடி பேகம்பேட்டை. அந்த சைலன்ஸைத் தர மாட்டேன் என்று என்னை நாயாக அலையவிட்ட அதே இயக்குநர், இப்போது அதை விட மாட்டேன் என்றார். சுரங்கப் பாதுகாப்பு வாரத்தில் அதற்கு போஸ்டர் போட்டிருந்தார்கள். ஆட்கள் கண்மூடி நிற்கும் படம். ஏதோ ஒரு விருதுக்கும் அனுப்பியிருந்தார்கள். அவரைப் பொறுத்தவரை செலவு இல்லாத பாதுகாப்பு அது.

"மேடம், இது உங்க யோசனைதானே? நீங்கதானே சண்டை போட்டு வாங்கினீங்க?"

"ஹவ் சார், ஆமா, என் யோசனைதான். தப்பான யோசனை."

"ஒரு விபத்து நடந்திருக்கு, வருத்தம்தான். அவர் சுவரை ஒட்டி நின்னிருக்கார். நிக்கக் கூடாதுன்னு இன்னொரு போஸ்டர் போடலாம்."

நான் மேடத்தைப் பார்த்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நான் சமாதானப்படுத்தியிருப்பேன்; அதுதானே என் வேலை. அவர் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

இரண்டு வாரத்தில் அரசாங்கத்தின் சுரங்க ஆய்வாளர்கள் வந்து இறங்கினார்கள். மேடம் நேரடியாக எழுதியிருந்தார். தன் யோசனையால் ஆட்களுக்குப் பயம் விட்டுப்போனதையும் அதில் எழுதியிருந்தாராம். ஷாஃப்டை நிறுத்தி வைத்தார்கள். எங்கள் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் போனது. எங்கள் முதலாளி மேடத்தைப் போகச் சொன்னார்; கொஞ்ச மாதத்தில் வேலை இல்லாமல் நானும் போனேன்.

எனக்கு ஆத்திரம். போன் செய்து கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க."

"ஆமாங்க, தடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல," என்றார்.

அதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்குக் கச்சிபௌலியில் கட்டட வேலை செய்யும் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. பழைய ஆட்கள் யாரையும் பார்க்கவில்லை. போன மாதம் தற்செயலாக அந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஷாஃப்டை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து, அவர் வண்ணப் படங்களோடு கொடுத்த அறிக்கைப்படி, அள்ளுவதற்கு மேடையிலிருந்து இயக்கும் இயந்திரம், அடி வரை தெளித்த கான்கிரீட், பாறை அடங்கும்வரை ஆள் இறங்கத் தடை. மேடம் எழுதியது அத்தனையும். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

அன்று மதியமே அவருக்கு போன் செய்தேன். கிடைக்கவில்லை. மகளின் எண் என்னிடம் இருந்தது. எடுத்தாள்.

"அம்மா கிந்த உந்தி, அங்கிள்," என்றாள். கிந்த என்றால் கீழே. அடுக்குமாடிக்குக் கீழே காய்கறி வாங்கப் போயிருப்பார் என்று, "சரிம்மா, மேல வரட்டும், நான் லைன்லயே இருக்கேன்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "அந்த கிந்த இல்ல அங்கிள். மைன்ல. அவங்க இப்ப வேற கம்பெனி, அங்கயே குவார்ட்டர்ஸ். ஷிஃப்ட் முடிஞ்சு மேல வர ஈவ்னிங் ஆகும். உள்ள போன் போகாது." பிறகு கொஞ்சம் பெருமையாக, "டெய்லி இறங்கறாங்க," என்றாள்.

மாலையில் அவரே கூப்பிட்டார். பின்னால் லாரி சத்தம், யாரோ இந்தியில் கத்தும் சத்தம். நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். இயந்திரம், கான்கிரீட், வெளிநாட்டுக்காரரின் அறிக்கை. நியாயத்துக்கு அவர் கொஞ்சம் கோபப்பட வேண்டும், அல்லது சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அதில் ஏதோ ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"ம்," என்றார். "மேஸ்திரிக்குச் செயற்கைக் கால் வெச்சாங்களா?"

"வெச்சாங்கன்னு கேள்விப்பட்டேனுங்க."

"நடக்கிறாரா?"

"தெரியலைங்க மேடம்."

"தெரியலைன்னா? அவர் நம்பர் உங்ககிட்ட இல்லயா?"

"இருக்குதுங்க, பழைய போன்ல..."

"எல்லாம் விசாரிச்சிருக்கீங்க, மிஷின் எங்க வாங்கினான்கிற வரைக்கும். இதைக் கேட்கலையா? கூப்பிட்டுக் கேளுங்க. அப்புறம் எனக்குச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். நான் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே எழுந்துபோய், அலமாரியில் பழைய போனையும் அதன் சார்ஜரையும் தேட ஆரம்பித்தேன்.